எடைக்கல்

ரெஜினா மின்தராசு சர்வீஸ்,
காசிமேடு, ஐஸ் கம்பெனிக்கு எதிரே.
பலகையில் நேரம் மட்டும் இல்லை.
எழுத வந்த பெயிண்டர் கேட்டார்,
"எத்தினி மணிலேர்ந்து எத்தினி மணி வரிக்கும்?"
நான் யோசித்துக்கொண்டே நின்றேன்.
அவர் அந்த இடத்தில்
செல்போன் நம்பரைப் பெரிதாக எழுதிவிட்டு
காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மீன் விடியுமுன் வரும்.
லோடு செல்லுக்குள் உப்புத்தண்ணீர் இறங்குவதும்
அப்போதுதான்.
ராத்திரி இரண்டரைக்குப் போன் அடித்தால்
இடது கை எடுக்கும்,
வலது கை ஸ்க்ரூடிரைவரைத் துழாவும்,
பக்கத்தில் படுத்திருக்கும் ஜோவின்
சுவர்ப்பக்கம் புரண்டுகொள்வான்.
அவன் அப்பா அந்நேரம் துறைமுகத்தில்
கன்டெய்னர் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்.
மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது
மீன்பிடித் தடைக்காலத்தில்.

அம்பத்தூர்க் கம்பெனியில் இருந்தபோது
ஆறு மணிக்கு மேனேஜரைத் திட்டிக்கொண்டே
பஸ் ஏறிவிடுவேன்.
இப்போது மேனேஜர் நான்.
திட்டினால் எனக்கே கேட்கிறது,
பஸ்ஸும் இல்லை.

கடையில் ஒரு நீள நோட்டு.
தேதி, பார்ட்டி, பழுது, தொகை.
பேட்டரி மாற்றம், ஐநூற்றைம்பது.
டிஸ்ப்ளே போச்சு, பாக்கி.
இடையிடையே, அதே அவசரக் கையெழுத்தில்,
ஜோவின் 3.150.
ஜோவின் 7.400, தடுப்பூசி அன்று.
ஜோவின் 14.050, செருப்போடு.
போட்டோ எடுக்கவெல்லாம் எங்கே நேரம்?
எங்கள் ஆல்பம் அதுதான்.

போன வெள்ளிக்கிழமை
எடைக்கற்கள் முத்திரைக்குப் போயிருந்தன.
தேசம்மாவின் ஏலத்தராசு
காலைக்குள் வேண்டும்.
மூலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டேன்.
"ஏறி நில்லுடா. ஆடாத."
நோட்டில் அவன் கடைசி எடை
இருபத்தாறு இருநூறு.
தராசு சொன்னது
முப்பத்தொன்று நானூறு.

தராசுதான் தப்பு.
எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.
பட்டனை அழுத்தி அழுத்தி
அவனை இருபத்தாறு இருநூறுக்குக் கொண்டுவந்தேன்.
"இறங்கலாமாம்மா?"
"ம்."
பில் போட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

மூன்றே முக்காலுக்குப் போன்.
"இன்னா ரெஜினா,
எம் மீனு ஐஸ்ல கெடந்தே எளைச்சிப்போச்சா?"
ஏலம் நின்றுபோயிருந்தது.
வஞ்சிரக் கூடைகளைச் சுற்றி
நாற்பது பேர், நாற்பது டார்ச்.
கருவாட்டுக் கடையில் இரவல் வாங்கிய
இருபது கிலோ கல்லைத் தூக்கி வைத்தேன்.
பதினாறு எழுநூறு.

இரும்பு பொய் சொல்லாது.
கல் வளராது.
"எதை வெச்சும்மா செக் பண்ணே?" என்றாள் தேசம்மா.
நான் சொல்லவில்லை.
அதற்குள் விற்ற கூடைகளுக்கான நஷ்டம்
நாலாயிரத்து இருநூறை
மடியிலிருந்து எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தான்.
பாயைத் தாண்டி
இரண்டு கால்கள் தரையில்.
நோட்டைப் புரட்டினேன்.
இருபத்தாறு இருநூறுக்கு எதிரே இருந்த தேதி
பதினாறு மாதம் பழையது.

மறுநாள் சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
"ஏறி நில்லு" என்றேன்.
"இன்னைக்கு யாரோட தராசும்மா?"
"யாரோடதும் இல்ல. நம்மளது."
நம்பாமல்தான் ஏறினான்.
எண்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே
மேஜைமேல் போன்.
நான் திரும்பியதில் என் கை
அவன் தோளில் இடித்தது, எண் குழம்பியது.
"ஆடாதம்மா" என்றான்.

நின்றேன்.
ஆறாவது மணிக்கு
முப்பத்தொன்று நானூற்றைம்பதில் நிலைத்தது.
நோட்டில் எழுதினேன், தேதி போட்டு.
திரும்ப அழைத்தது
அதற்குப் பிறகுதான்.